லூயிஸ் தீவில் கேம்பர்வேனோடு ஒரு நாள்: முழுமையான வழிகாட்டி

ஸ்காட்லாந்தில் தீவு என்றதும் எல்லோரும் ஸ்கை தீவுக்குத்தான் ஓடுகிறார்கள். பாலம் இருக்கிறது, கப்பல் வேண்டாம், அழகும் உண்டு. ஆனால் கோடையில் அங்கே வேனை நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். கேம்பர்வேன் எடுப்பதே நினைத்த இடத்தில் நின்று, அடுப்பு மூட்டி, மழை விடும்வரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கத்தான். அதற்குத் தோதான இடம் இன்னும் மேற்கே இருக்கும் லூயிஸ்.

லூயிஸும் ஹாரிஸும் பெயரளவில் இரண்டு, நிலத்தளவில் ஒரே தீவு. பிரிட்டன், அயர்லாந்து ஆகிய இரண்டு பெரிய தீவுகளை விட்டால் அந்தப் பகுதியில் இதுதான் பெரியது. இதை ஒரே நாளில் முழுக்கப் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். லூயிஸின் மேற்குக் கரையை மட்டும் ஒரு சுற்று சுற்றி வர ஒரு முழு நாள் வேண்டும். இந்த வழிகாட்டி அந்த ஒரு சுற்றுக்கானது: தீவின் துறைமுக ஊரான ஸ்டோர்னோவேயில் கிளம்பி கலானிஷ், கார்லோவே, கியாரனன், ஆர்னோல், நெஸ் வழியாக மறுபடி ஸ்டோர்னோவே. மொத்தம் 80 முதல் 90 மைல், அதாவது சுமார் 140 கிலோமீட்டர். ஹாரிஸின் வெள்ளை மணல் கடற்கரைகளையும் இதே நாளில் சேர்க்க ஆசை வரும். சேர்க்காதீர்கள். அது தெற்கே, எதிர்த் திசையில், தனி நாள் கேட்கும் இடம்.

எப்போது போவது

மே, ஜூன் மாதங்கள்தான் என் முதல் தேர்வு. ஜூன் நடுவில் சூரியன் காலை நாலரைக்கு முன்பே எழுந்துவிடும், மறைய இரவு பத்தரை ஆகிவிடும். அவசரமே இல்லாத நாள். டிசம்பரில் இதே இடத்தில் பகல் வெளிச்சம் ஆறரை மணி நேரம்தான், பார்க்க வேண்டிய பல இடங்களும் குளிர்காலத்தில் மூடியிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் மிட்ஜ் என்ற பொடிக் கொசுவின் தொல்லை அதிகம். காற்று வீசிக்கொண்டிருந்தால் அது வெளியே வராது. காற்று நின்று ஈரம் தங்கினால் கூட்டமாக வந்து பிடுங்கும். லூயிஸில் காற்றுக்குப் பஞ்சம் இல்லாததால் ஓரளவு தப்பிக்கலாம்.

எந்தக் கிழமை என்பது மாதத்தைவிட முக்கியம். இந்த ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கக் கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வேனும் கப்பலும்

இந்திய ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் சுற்றுலாவாக பிரிட்டன் போனால் 12 மாதம்வரை அதே உரிமத்தில் 3.5 டன்னுக்கு உட்பட்ட வண்டி ஓட்டலாம். பெரும்பாலான வாடகைக் கேம்பர்வேன்கள் இந்த எடைக்குள்தான் வரும். வாடகைக்கு விடுபவர்களுக்கு வயது, அனுபவம் பற்றித் தனி விதிகள் இருக்கும். முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். சாலையில் இடது பக்கம்தான், நமக்குப் பழகியதே. டீசல் துப்பாக்கி கறுப்பு, பெட்ரோல் துப்பாக்கி பச்சை. பங்கில் நாமேதான் அடிக்க வேண்டும் என்பதால் நிறத்தை நினைவில் வையுங்கள்.

வேன் ஆறு மீட்டருக்குள் இருந்தால் நல்லது. பெரிய மோட்டார்ஹோமில் படுக்கை அகலமாக இருக்கும், சரிதான். ஆனால் கார்லோவே கோட்டைக்குப் போகும் சந்துச் சாலையிலும் அங்குள்ள சிறிய நிறுத்துமிடத்திலும் அந்த அகலமே எதிரியாகிவிடும்.

வேனை இன்வர்னெஸில் எடுத்தால் உல்லாப்பூல் துறைமுகத்துக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். அங்கிருந்து ஸ்டோர்னோவேக்கு கால்மாக் நிறுவனத்தின் கப்பல் சுமார் இரண்டே முக்கால் மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். கோடையில் கேம்பர்வேன்களுக்கான இடம் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடுவது சாதாரணம். ஆகவே முதலில் கப்பல், பிறகு வேன், அதன் பிறகு மற்றதெல்லாம் என்ற வரிசையில் புக் செய்யுங்கள்.

புக் செய்யும்போது வேனின் நீளத்தைக் கேட்பார்கள். பின்னால் சைக்கிள் ஸ்டாண்ட் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாகனத் தளத்தில் அங்குலக் கணக்கில் வண்டிகளை அடுக்குகிறார்கள், அதனால்தான் இந்தக் கண்டிப்பு. ஏறுவதற்கு முன் சமையல் கேஸ் சிலிண்டரின் வால்வை மூடிவிடுங்கள். கப்பல் ஓடும்போது வேனுக்குள் உட்கார அனுமதி இல்லை. ஸ்வெட்டரையும் மாத்திரையையும் கையோடு மேலே எடுத்துப் போங்கள். மிஞ்ச் என்ற அந்தக் கடல் சில நாள் குளம் மாதிரி கிடக்கும், சில நாள் குடலைப் பிடுங்கும்.

காற்று பலமானால் கப்பல் ரத்தாகும். இது அபூர்வமான விஷயம் இல்லை. தீவிலிருந்து திரும்பும் நாளுக்கு அடுத்த நாளே லண்டனில் விமானம் பிடிப்பது போல யாரும் திட்டம் போட வேண்டாம். நடுவில் குறைந்தது ஒரு நாளாவது இருக்கட்டும்.

முந்தின இரவு

மாலைக் கப்பலில் வந்து ஸ்டோர்னோவேக்கு அருகிலேயே தங்குங்கள். ஊரை ஒட்டிய லாக்ஸ்டேலில் கேம்பர்வேன் முகாம் இருக்கிறது. அங்கே செய்ய வேண்டியவை மூன்று: நல்ல தண்ணீர்த் தொட்டியை நிரப்புவது, பாத்திரம் கழுவிய அழுக்குத் தண்ணீரை அதற்கான இடத்தில் வடிப்பது, பேட்டரியை மின்சாரத்தில் போடுவது. டாய்லெட் கேசட்டை, அதாவது வேன் கழிப்பறையின் கழிவுப் பெட்டியை, காலி செய்ய முகாம்களில் தனி இடம் உண்டு. அதைப் பொதுக் கழிப்பறையில் கொட்டக் கூடாது. தீவில் பல கழிப்பறைகள் செப்டிக் டேங்கில்தான் ஓடுகின்றன. அதில் நம் கேசட்டின் ரசாயனம் போனால் அங்குள்ள பாக்டீரியா செத்து, டேங்க் வேலை செய்யாமல் போய்விடும்.

ஸ்காட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் இரவு தங்கலாம் என்று பலர் சொல்வார்கள். 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் தருகிற அந்த உரிமை நடந்து போகிறவருக்கும் கூடாரம் போடுகிறவருக்கும்தான். மோட்டார் வண்டிக்கு அது பொருந்தாது. முகாமிலோ, ஊர்க்காரர்கள் அனுமதித்து அறிவிப்புப் பலகை வைத்த இடத்திலோ தங்குங்கள். அங்கே உண்டியல் இருந்தால் காசு போடுங்கள்.

மளிகையையும் டீசலையும் ஸ்டோர்னோவேயிலேயே முடித்துவிடுங்கள். டெஸ்கோ, கோ-ஆப் இரண்டும் உண்டு. மேற்குக் கரையில் கடைகள் தூரம் தூரமாகத்தான் இருக்கும். அரிசி, பருப்பு, ரசப்பொடி, ஊறுகாய் எல்லாம் ஊரிலிருந்தோ கிளாஸ்கோவிலிருந்தோ வாங்கி வந்தால் அந்தக் குளிரில் உங்களுக்கு நீங்களே நன்றி சொல்வீர்கள். அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஸ்டோர்னோவேயின் பிளாக் புட்டிங்கை விடக்கூடாது. ரத்தம், ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு சேர்த்துச் செய்வது. 2013-இல் புவிசார் பாதுகாப்புப் பெற்ற பண்டம். ரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகவே தெரியாது. வட்டமாக நறுக்கி, தவாவில் இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று வரும்வரை போட்டால் போதும். மாடோ பன்றியோ ஆகாதவர்கள் கசாப்புக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

மேப்பை இங்கேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்; சிக்னல் நம்பக்கூடியது இல்லை. இன்னொன்று, தீவின் சாலைப் பலகைகளில் ஊர்ப்பெயர்கள் கேலிக் மொழியில் இருக்கும். ஆங்கில மேப்பில் உள்ள எழுத்துக்கூட்டலும் பலகையில் உள்ளதும் ஒத்துப்போகாது. போக வேண்டிய ஆறேழு ஊர்களின் கேலிக் பெயரை ஒரு தாளில் எழுதி முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டால், திருப்பத்தில் நின்று விழிக்க வேண்டியிருக்காது.

ஒற்றைத் தடச் சாலை

மேற்குக் கரையின் பிரதான சாலைகளில் பெரும்பாலும் இரண்டு வண்டி தாராளமாகப் போகலாம். கடலை நோக்கிப் பிரியும் கிளைச் சாலைகள்தான் ஒற்றைத் தடம். இங்கே ஓட்டத் தெரிவதைவிட நிறுத்தத் தெரிவது முக்கியம்.

சாலையோரம் கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை அகலமான இடம் விட்டிருப்பார்கள், ‘பாசிங் பிளேஸ்’ என்ற பலகையோடு. எதிரே வண்டி வருகிறது, அந்த இடம் உங்கள் இடது பக்கம் இருக்கிறது என்றால், உள்ளே ஒதுங்கி நில்லுங்கள். அது உங்கள் வலது பக்கம் இருந்தால், குறுக்கே போய் அதில் நுழையக் கூடாது. சாலையிலேயே அதற்கு நேராக நின்றுவிட வேண்டும். எதிரே வருபவர் அதில் ஒதுங்கி உங்களைச் சுற்றிப் போவார். இரண்டு பேரும் இடைவெளிக்கு நடுவே மாட்டிக்கொண்டால், ஒதுங்குமிடத்துக்கு அருகில் இருப்பவர் பின்னால் எடுப்பார். கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையோ விரலோ உயர்த்துவது வழக்கம். அதைச் செய்யாத வண்டியைப் பார்த்ததுமே வெளியூர் என்று தெரிந்துவிடும்.

பின்னால் ஒரு கார் ஒட்டி வந்தால் அவர் உங்களை விரட்டவில்லை. வேலைக்குப் போகிற தீவுக்காரர், உங்களைப் போல வேடிக்கை பார்க்க வந்தவர் இல்லை. அடுத்த ஒதுங்குமிடத்தில் நின்று அவரை முன்னால் விடுங்கள். படம் எடுக்க அங்கே வேனை நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். தீவுக்காரர்களுக்கு கேம்பர்வேன்கள் மேல் உள்ள கோபத்தில் பாதி இதனால் வந்தது.

ஆடுகள் சாலையிலேயே படுத்திருக்கும். தாய் ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் நின்றால் நிச்சயம் குட்டி குறுக்கே ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்நடை தாண்டாமலிருக்க சாலையின் குறுக்கே பதித்த இரும்புக் கம்பிகள் மேல் மெதுவாக ஏற்றுங்கள், இல்லாவிட்டால் அலமாரிக் கதவு திறந்து தட்டுகள் கீழே கிடக்கும்.

அப்புறம், காற்று. வேனை எப்போதும் மூக்கு காற்றைப் பார்க்கிற மாதிரி நிறுத்துங்கள். கதவைத் திறக்கும்போது ஒரு கையால் பிடித்துக்கொண்டே திறக்க வேண்டும். பின்னாலிருந்து அடிக்கிற காற்றில் கதவு மடங்கி கீல் வளைவது இங்கே சகஜம். அந்தச் சேதத்துக்குக் காப்பீடு உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிடுங்கள்.

காலை: கலானிஷ்

ஏழு மணிக்குக் கிளம்பினால் ஏழரைக்குக் கலானிஷ் கற்களிடம் இருப்பீர்கள். இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்றால், ஸ்டோர்னோவேயில் 2024-இல் ஆழ்துறைமுகம் திறந்த பிறகு பெரிய உல்லாசக் கப்பல்களே நேராகக் கரை சேர்கின்றன. அந்த நாட்களில் பத்து மணி வாக்கில் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். அதற்கு முன் நீங்கள் பார்த்து முடித்திருக்க வேண்டும். திட்டம் போடும்போதே துறைமுகத்தின் கப்பல் அட்டவணையை ஒருமுறை பாருங்கள்.

கற்கள் நட்டு சுமார் 5000 ஆண்டுகள் ஆகின்றன. ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய கற்களுக்கும் முந்தியது. நடுவில் 13 கற்கள் கொண்ட வட்டம், அதற்குள் 4.8 மீட்டர் உயரத்தில் ஒரு தனிக் கல். வடக்கே இரட்டை வரிசையில் ஒரு நடைபாதை, மற்ற மூன்று திசைகளில் ஒற்றை வரிசைகள். மேலிருந்து பார்த்தால் சிலுவை வடிவம், கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 3000 ஆண்டுகளுக்கு முன்பே. நட்டவர்கள் போன பிறகு காலப்போக்கில் பீட் என்ற புதைகரி மண் வளர்ந்து கற்களின் அடியை மூடிவிட்டது. 1857-இல் அதைச் சுமார் ஒன்றரை மீட்டர் ஆழம் தோண்டி அகற்றியபோதுதான் கற்களின் முழு உயரம் தெரிந்தது.

கல்லின் அருகே போய்ப் பாருங்கள். இது லூயிஸியன் நைஸ் என்ற பாறை, வயது சுமார் 300 கோடி ஆண்டுகள், ஐரோப்பாவின் மிகப் பழைய பாறைகளில் ஒன்று. வெள்ளை, சாம்பல், கறுப்புப் பட்டைகள் நெளிந்து நெளிந்து ஓடும். நடுநடுவே கண்ணளவு கரிய கட்டிகள். காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் இந்த நெளிவு தெளிவாகத் தெரியும், நண்பகலில் எல்லாம் தட்டையாகிவிடும். சீக்கிரம் வரச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

எதற்காக நட்டார்கள் என்பதற்கு முடிந்த முடிவு கிடையாது. ஆனால் ஒன்று கண்ணால் பார்க்கக் கூடியது: 18.6 ஆண்டுக்கு ஒரு முறை நிலா தெற்கே மிகத் தாழ்ந்து, படுத்திருக்கும் பெண்ணின் உருவம் கொண்ட மலைகளை ஒட்டி உருண்டு போகும். கடைசியாக 2024, 2025-இல் நடந்தது. மறுபடி பார்க்க 2043 வாக்கில் வர வேண்டும்.

இதே ஊரைச் சுற்றி இன்னும் சில சிறிய கல்வட்டங்கள் இருக்கின்றன. பெரியதில் கூட்டம் சேர்ந்துவிட்டால் இரண்டாவது, மூன்றாவது வட்டங்களுக்கு நடந்து போய்விடுங்கள். ஈரமான புல்வெளி, தண்ணீர் புகாத காலணி அவசியம். காலைச் சாப்பாட்டை அதன் பிறகு வேனில் வைத்துக்கொள்ளலாம்.

கார்லோவே, கியாரனன்

கலானிஷிலிருந்து கால் மணி நேரத்தில் டன் கார்லோவே. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் சுண்ணாம்போ மண்ணோ இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய வட்டக் கோபுரம். இந்த மாதிரிக் கட்டடத்துக்கு ப்ரோக் என்று பெயர், ஸ்காட்லாந்தைத் தவிர வேறெங்கும் கிடையாது. ஒரு பக்கம் இடிந்துவிட்டதே நமக்கு நல்லது: வெட்டிப் பார்த்தது போல உள்ளமைப்பு தெரிகிறது. சுவர் இரட்டை. இரண்டு சுவர்களுக்கும் நடுவே படிக்கட்டு ஏறிப் போகிறது. உயரமான பக்கம் சுமார் 9 மீட்டர். அரை மணி நேரம் போதும்.

அடுத்தது கியாரனன், கடலோரத்தில் ஒரு கறுப்பு வீட்டுக் கிராமம். தடித்த கல் சுவர், புல் வேய்ந்த கூரை, கூரையைக் காற்று தூக்காமலிருக்கக் கயிறு போட்டு அதன் நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். இங்கே 1974 வரை குடும்பங்கள் வாழ்ந்தன. இப்போது அருங்காட்சியகமாகவும் தங்குமிடமாகவும் மாற்றியிருக்கிறார்கள்.

இங்கே தறி ஓட்டிக் காட்டுவார்கள். ஹாரிஸ் ட்வீட் துணிக்கு 1993-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது: லூயிஸும் ஹாரிஸும் அடங்கிய வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில், நெய்பவரின் வீட்டிலேயே கைத்தறியில் நெய்திருக்க வேண்டும். ஆகவே தறி மின்சாரத்தில் ஓடாது, கால் மிதியில்தான். காஞ்சிபுரம், சென்னிமலைப் பக்கத்துக்காரர்கள் நெசவாளரிடம் பாவு, ஊடை பற்றிக் கேட்டால் பேச்சு நிற்காது. துணி வாங்க நினைத்தால் உருண்டையும் சிலுவையும் கொண்ட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

மதிய உணவுக்கு இதுவே நல்ல இடம். மழை பெய்தால் வேனுக்குள் சமையுங்கள், ஆனால் கூரை ஜன்னலைத் திறந்து வைத்து. குளிருகிறது என்று எல்லாவற்றையும் மூடிக்கொண்டு கேஸ் அடுப்பில் சூடு காய்வது ஆபத்தானது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பிற்பகல்: ஆர்னோல் வீடு

ஷாபோஸ்ட் தாண்டி ப்ராகரில் சாலையோரம் ஒரு வீட்டு வாசலுக்கு வளைவாக நீலத் திமிங்கிலத்தின் தாடை எலும்பு நிற்கிறது. 1920-இல் கரை ஒதுங்கிய திமிங்கிலம். அதன் உடம்பில் இருந்த எறியீட்டியும் நடுவில் தொங்குகிறது. அது ஒருவர் வீடு. வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள்.

ஆர்னோலுக்கு மூன்று மணிக்குள் போய்விட வேண்டும், மாலையில் மூடிவிடுவார்கள். நாளில் ஒரே ஒரு இடம்தான் உள்ளே போய்ப் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், கலானிஷைக் கூட அடுத்துதான் வைப்பேன்.

42-ஆம் எண் வீடு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியது, 1960-களின் நடுப்பகுதிவரை குடும்பம் இருந்தது. தலையைக் குனிந்து நுழைந்ததும் சில நொடிகள் ஒன்றுமே தெரியாது. புகை கண்ணைக் கரிக்கும். பிறகு மெல்ல, தரையின் நடுவே கல் பரப்பில் செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருக்கும் பீட் கட்டிகள் தெரியும். அதற்கு மேலே உத்தரத்திலிருந்து ஒரு சங்கிலி, அதன் நுனியில் கெட்டில். புகைபோக்கி கிடையாது. புகை கூரைப் புல்லுக்குள் ஊறித்தான் வெளியேறும். இப்படிப் புகை ஏறியதால் பூச்சி அண்டாது. வருஷம் கழித்துக் கூரையைப் பிரிக்கும்போது கரி ஏறிய அந்தப் புல்லை வயலுக்கு உரமாகப் போட்டார்கள். ஒரு கோடியில் பெட்டி மாதிரிக் கட்டில்கள், மறுகோடியில் அதே கூரையின் கீழ் மாட்டுத் தொழுவம். மாட்டின் சூடும் வீட்டுக்கு வேண்டியிருந்தது.

நெருப்பு காட்சிக்காக மட்டும் எரிவதில்லை. அணைந்தால் கூரையில் ஈரம் ஏறி வீடு கெட ஆரம்பிக்கும், அதனால் பராமரிப்பாளர் தினமும் மூட்டுகிறார். உங்கள் ஸ்வெட்டரில் இந்த வாசனை ரொம்ப நேரம் தங்கும். எதிரே கூரை இழந்த இன்னொரு கறுப்பு வீடும், பின்னாளில் குடிபெயர்ந்த புகைபோக்கியுள்ள வெள்ளை வீடும் இருக்கின்றன. மூன்றையும் பார்த்தால் ஒரு நூற்றாண்டு மாற்றம் ஐம்பதடி தூரத்தில் கிடைத்துவிடும்.

மாலை: நெஸ்

கதவு சாத்துகிற இடங்களை முடித்தாயிற்று. இனி நேரம் உங்கள் கையில். பார்வஸில் இடது பக்கம் வடக்கே திரும்புங்கள். வழியில் பாலன்ட்ருஷலில் 5.8 மீட்டர் உயரத்தில் ஒற்றைக் கல் ஒன்று நிற்கிறது, ஸ்காட்லாந்திலேயே உயரமான நடுகல். பத்து நிமிடம் கொடுங்கள்.

சாலை தீரும் இடம் நெஸ்ஸின் முனையான பட் ஆஃப் லூயிஸ். டேவிட், தாமஸ் ஸ்டீவன்சன் சகோதரர்கள் கட்டி 1862-இல் விளக்கேற்றிய 37 மீட்டர் கலங்கரை விளக்கம். ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கங்கள் பெரும்பாலும் வெள்ளை பூசியவை; இது பூச்சில்லாத சிவப்புச் செங்கல். பாறை விளிம்பில் வேலி கிடையாது. பிரிட்டனிலேயே காற்று அதிகம் அடிக்கும் இடங்களில் ஒன்று என்பதால் பிள்ளைகளின் கையை விடாதீர்கள், போனைப் பிடித்துக்கொண்டு விளிம்புக்குப் போகாதீர்கள். கேனட் என்ற வெள்ளைக் கடற்பறவை முப்பது மீட்டர் உயரத்திலிருந்தும் சிறகை மடக்கி நேராகக் கடலுக்குள் பாய்வதை இங்கே உட்கார்ந்து மணிக்கணக்கில் பார்க்கலாம். நெஸ் ஆட்கள் கோடை முடிவில் அரசு உரிமத்தோடு வடக்கே சுலா ஸ்கெய்ர் என்ற பாறைத் தீவுக்குப் போய் இந்தப் பறவையின் குஞ்சுகளைப் பிடித்து உப்புப் போட்டு வருவார்கள். நூற்றாண்டுகளாக நடப்பது; எதிர்ப்பும் உண்டு. ஊரில் அதைப் பற்றி விவாதம் கிளப்ப நாம் சரியான ஆள் இல்லை என்பது என் கருத்து.

அருகில் யோரப்பி கடற்கரை. மணலுக்குப் பின்னால் இருக்கும் பூப்புல்வெளிக்கு மாக்கெர் என்று பெயர். ஜூன், ஜூலையில் கால் வைக்க இடமில்லாமல் பூத்துக் கிடக்கும். சிப்பி மணல்மேல் வளர்ந்த மெல்லிய மண் அது. ஒரு வேன் சக்கரம் பதிந்த தடத்தைக் காற்று பிடித்துக்கொண்டால் மணல் சரிந்து பெரிய பள்ளமாகிவிடும். தாரும் சரளையும் போட்ட இடத்தில் மட்டும் நிறுத்துங்கள்.

இரவுச் சாப்பாட்டை நெஸ்ஸிலேயே முடித்துவிட்டு, ஒன்பது மணிக்கு மேல் ஸ்டோர்னோவேக்குக் கிளம்புங்கள். பார்வஸிலிருந்து வருகிற சாலை மரமே இல்லாத சதுப்பு வெளியைக் குறுக்கே வெட்டிப் போகிறது. சாய்ந்த வெளிச்சத்தில் பீட் வெட்டிய பள்ளங்களின் கோடுகள் இரண்டு பக்கமும் தெரியும். மே மாதம் வெட்டி, காயப் போட்டு, கோடை முடிவில் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். அடுக்கி வைத்திருப்பது ஒரு குடும்பத்தின் குளிர்கால அடுப்பு. ஞாபகத்துக்கு என்று ஒரு கட்டி எடுத்து வரக் கூடாது.

வரைபடத்தில் நெஸ்ஸுக்கும் கிழக்குக் கரையின் டோல்ஸ்டாவுக்கும் தூரம் கொஞ்சம்தான், ஜிபிஎஸ் ஏன் பார்வஸ் வழியே சுற்றுகிறது என்று தோன்றும். நடுவில் சாலை இல்லை. லைஃப்பாய் சோப் முதலாளி லெவர்ஹியூம் பிரபு 1918-இல் இந்தத் தீவையே விலைக்கு வாங்கி, அந்தச் சாலையைப் போட ஆரம்பித்தார். தீவுக்காரர்களுக்கு அவருடைய மீன் தொழிற்சாலைத் திட்டத்தைவிடச் சொந்த நிலமே பெரிதாக இருந்தது. 1923-இல் அவர் விட்டுவிட்டுப் போனார். டோல்ஸ்டாவில் ஒரு பாலம் மட்டும் எங்கும் போகாமல் நிற்கிறது. மறுநாள் காலை நேரம் இருந்தால் அதையும் அதன் கீழுள்ள கடற்கரையையும் பார்க்கலாம்.

மழை நாளானால்

வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். ஸ்டோர்னோவேயின் லூஸ் கோட்டையில் உள்ள அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். 1831-இல் இதே தீவின் யூயிக் பகுதி மணலில் கிடைத்த, வால்ரஸ் தந்தத்தில் செதுக்கிய 12-ஆம் நூற்றாண்டுச் சதுரங்கக் காய்களில் ஆறு இங்கே உள்ளன. மீதி லண்டனிலும் எடின்பரோவிலும். கோட்டையைக் கட்டிய ஜேம்ஸ் மாத்தசன், இந்தியாவில் விளைந்த அபினைச் சீனாவில் விற்றுப் பணம் சேர்த்தவர் என்பதையும் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள்.

நமக்கு நேரடித் தொடர்புள்ள ஒருவரும் இந்த ஊர்க்காரரே. காலின் மெக்கன்சி ஸ்டோர்னோவேயில் பிறந்து, 1783-இல் மதராஸ் வந்து, நில அளவையோடு சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் ஊர்க் கதைகளையும் திரட்டியவர். இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் அவர்தான். சென்னையின் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ள மெக்கன்சி தொகுப்பு இந்தச் சிறு துறைமுகத்துப் பையனால் வந்தது.

அங்கிருந்து ஆர்னோல், கியாரனன் என்று கூரையுள்ள இடங்களை முடித்துவிட்டு, மாலையில் மேகம் விலகியதும் கலானிஷுக்குப் போகலாம். இங்கே வானம் ஒரே நாளில் நான்கு தடவை மாறும்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொண்டால்

லூயிஸில் ஓய்வுநாளை இன்னும் கடைப்பிடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கப்பல் 2009-இல்தான் வந்தது, அதுவும் பெரிய சர்ச்சைக்குப் பிறகு. டெஸ்கோ ஞாயிறு திறக்க ஆரம்பித்தது 2024 இறுதியில். ஆர்னோலும் கியாரனனும் மூடியிருக்கும். கொடியில் துணிகூடக் காயப் போடாத வீடுகள் நிறைய. நீங்களும் வேனுக்கு வெளியே துணி உலர்த்துவதையும் பாட்டுப் போடுவதையும் அன்றைக்குத் தவிர்த்துவிடுங்கள். சனிக்கிழமையே டீசலும் சாப்பாடும் எடுத்து வைத்துக்கொண்டு, கலானிஷ், நெஸ், கடற்கரை என்று வெட்டவெளி இடங்களைப் பாருங்கள். விருப்பம் இருந்தால் கேலிக் வழிபாட்டுக்குப் போகலாம். வாத்தியம் கிடையாது. ஒருவர் ஒரு வரியை எடுத்துக் கொடுக்க, சபை முழுவதும் ஆளுக்கொரு போக்கில் இழுத்துப் பாடிப் பின்தொடரும்.

திரும்பும் காலை

முதல் கப்பல் அதிகாலையிலேயே புறப்படுவதால், கேசட்டையும் அழுக்குத் தண்ணீரையும் முந்தின இரவே காலி செய்துவிடுங்கள். பத்தரை மணிவரை வெளிச்சம் இருக்கும் ஊரில் அது ஒன்றும் சிரமமில்லை. கேஸ் வால்வை மூடுங்கள், அலமாரிகளைப் பூட்டுங்கள், கூரை ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று வெளியே இறங்கி நின்று பாருங்கள். செக்-இன் நேரம் டிக்கெட்டில் இருக்கும். அதைத் தாண்டினால் கப்பல் கண்ணெதிரே நின்றாலும் உங்கள் இடம் காத்திருப்போர் வரிசைக்குப் போய்விடும்.